தோள் தசையால் போனை இயக்கும் சுவிட்ச்: சும்மா படுத்திருக்கவும் கிளிக் விழுகிறது

சாம்பல்தீவுப் பொடியன் கேட்டது:

வணக்கம். பனையால் விழுந்து கழுத்தில் சி4 மட்டத்தில் முள்ளந்தண்டு முழுதாகப் பாதிக்கப்பட்ட ஒருவர் போன் பாவிக்க ஒரு சுவிட்ச் செய்துகொண்டிருக்கிறேன். கை கால் அசைவில்லை. முகம், தலை எல்லாம் நல்லா இருக்கு. பேசுவார், ஆனால் குரல் சன்னம், நாலு சொல்லுக்கு ஒருதரம் மூச்செடுக்க வேணும். இரண்டு தோளையும் தூக்குவார்.

இப்ப கட்டியிருப்பது இதுதான். ஈசிஜிக்கு, அதாவது இதயத் துடிப்பைப் பதிய, விற்கும் ஏடி8232 மொடியூல், ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகை, இடது தோளில் இரண்டு ஈசிஜி எலக்ட்ரோட் (தோலில் ஒட்டும் ஜெல் வட்டம்), மூன்றாவது கழுத்துப் பக்கத்தில். ஊனோ யூஎஸ்பியால் லப்டொப்புக்குப் போகுது. அளவு 600ஐத் தாண்டினால் லப்டொப்பில் ஒரு சின்ன பைத்தன் நிரல் ஸ்பேஸ் கீயை அடிக்கும். போனுக்கு மாற்றுவதற்கு முதல் இதில் பழக்கலாம் என்று பார்த்தேன்.

பிரச்சினைகள்: தோளைத் தூக்கினால் கிளிக் விழும், ஆனால் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தாலும் மளமளவென்று விழும். சும்மா இருக்கும்போதும் கிட்டத்தட்ட ஒரு செக்கனுக்கு ஒரு துள்ளல் தெரியுது. காற்று மெத்தையின் பம்ப் ஓடினால் திரையில் ஓடும் கோடு முழுக்கத் தடித்துப்போகும். காலமை நல்லா வேலை செய்வது மத்தியானம் ஒன்றுக்கும் அசையாது. விலை கூடின சென்சர் வாங்கினால் இதெல்லாம் சரிவருமா? அதோடு, ஒரு சுவிட்சை வைத்துக்கொண்டு தமிழ் எழுதுவது நடக்கிற காரியமா?

உவர்மலை வயர்மேன் பதில்:

தம்பி, சென்சர் கதைக்கு முதல் ஒரு விசயம். எலக்ட்ரோட் உடம்பில் இருக்கும் நேரம் லப்டொப் சார்ஜர் சுவரில் இருக்கக் கூடாது. மலிவுச் சார்ஜர் உள்ளுக்குள் பழுதானால் 230 வோல்ற்றுக்கும் அவருடைய தோலுக்கும் நடுவில் தடுப்பென்று ஒன்றும் இல்லை. ஜெல் வேறு தோலின் தடையைக் குறைத்து வைத்திருக்கு. அடித்தால் உதறித் தள்ள அவருக்குக் கையும் இல்லை. ஏடியூஎம்3160 சிப் போட்ட யூஎஸ்பி ஐசொலேட்டர் (மின் தொடுப்பைப் பிரித்துத் தரவை மட்டும் கடத்துவது) கிடைக்கும், 2.5 கிலோவோல்ற்று தாங்கும். அது இருந்தாலும் நான் பற்றரியில்தான் ஓட்டச் சொல்வேன். மாரியில் இடி மின்னல் நேரத்தில் பெட்டியையே கழற்றி வையுங்கோ. உடம்பில் பேஸ்மேக்கர் இருப்பவருக்கு இதை வைத்தியரைக் கேட்காமல் பூட்ட வேண்டாம்.

இனி மொடியூல். ஏடி8232 இதயத்துக்குச் செய்தது. நீங்கள் வாங்கின மாதிரிப் பலகைகளில் வடிகட்டி 0.5 ஹெர்ட்ஸ் முதல் 40 ஹெர்ட்ஸ் வரைதான் விடும். தோலுக்கு மேலே எடுக்கும் தசைச் சமிக்ஞை ஏறக்குறைய 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை பரந்தது, பலம் கூடின பகுதி 50 முதல் 150 வரை. அதாவது உங்களுக்கு வேண்டியதில் பெரும்பங்கை மொடியூலே வெட்டி எறியுது. பிறகு தோளைத் தூக்க எப்படி அளவு ஏறுது என்று கேட்பீர்கள். தோல் இழுபடுது, வயர் ஆடுது, அந்த ஆட்டம் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் வடிவாக உள்ளே போகுது. நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது தசையை அல்ல, அசைவை. புரட்டும்போது கிளிக் விழுவதற்கும் அதுதான் காரணம்.

சோதித்துப் பாருங்கோ. ஒருவர் அவருடைய தோளைக் கையால் அமத்திப் பிடிக்க, அவர் தோளை அசைக்காமல் உன்னட்டும். அளவு பெரிதாக ஏறாது. பிறகு அவர் சும்மா இருக்க, வயரை விரலால் தட்டுங்கோ. அதற்கு ஏறும். பலகையில் உள்ள தடையிகளையும் கொள்ளளவிகளையும் மாற்றி வடிகட்டியைத் திருத்தலாம்தான், ஆனால் அரிசிமணியை விடச் சின்னப் பாகங்கள், அந்த மினக்கேட்டுக்கு வேறு பலகை எடுப்பது நல்லது.

மயோவெயார் 2.0 என்ற தசைச் சென்சர் எடுத்தால், தசை இறுகும் அளவுக்கு ஏற்ப ஏறி இறங்கும் வோல்ற்று நேரடியாகவே ஒரு முனையில் வரும், நிரல் சின்னது. இந்தியாவின் அப்சைட் டவுன் லாப்ஸ் செய்யும் பயோஆம்ப் ஈஎக்ஸ்ஜி பில் விலை குறைவு, ஆனால் பச்சைச் சமிக்ஞைதான் தரும், வடிகட்டலை நீங்களே எழுத வேணும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. என்ன நடக்குது என்று கண்ணால் பார்க்கலாம், பழுதைத் தேடுவது சுகம்.

ஊனோவை விட்டுவிட்டு 32யூ4 சிப் உள்ள புரோ மைக்ரோ, 5 வோல்ற்று 16 மெகாஹெர்ட்ஸ் வகை, எடுங்கோ. அது தன்னையே யூஎஸ்பி கீபோர்ட் என்று அறிமுகப்படுத்தும். லப்டொப்பும் வேண்டாம், பைத்தனும் வேண்டாம். ஓடிஜி வயரால் (போனில் யூஎஸ்பி சாதனம் பூட்டும் வயர்) நேரே அன்ட்ரொயிட் போனில் குத்தினால் போன் பற்றரியே எல்லாவற்றையும் ஓட்டும், சுவர் மின்சாரத்தோடு தொடுப்பே இல்லை. புளூடூத் வேணும் என்றால் ஈஎஸ்பி32 பலகை. அதில் அனலொக் உள்ளீட்டை 32 முதல் 39 வரையான முனைகளில் கொடுங்கோ, மற்ற அனலொக் முனைகள் வைஃபை ஓடும்போது வாசிக்காது.

நிரல் இப்படி. செக்கனுக்கு 1000 தரம், சரியாக ஒரு மில்லிசெக்கன் இடைவெளியில் வாசியுங்கோ. இப்போதைய வாசிப்பில் இருந்து 20 வாசிப்புக்கு முந்தியதைக் கழியுங்கோ. 20 மில்லிசெக்கன் என்பது 50 ஹெர்ட்ஸின் ஒரு முழு அலை, ஆகவே வீட்டுக் கரண்டின் 50, 100, 150 எல்லாம் ஒரே கழித்தலில் அடிபட்டுப்போகும், சமிக்ஞை ஓய்வில் நிற்கும் நடு வோல்ற்றும் சேர்ந்து போகும். வந்ததின் கழித்தல் குறியை நீக்கி, கடைசி 128 வாசிப்புகளின் சராசரியை எடுங்கோ. அந்தச் சராசரிதான் தசையின் இறுக்கம்.

எல்லையை 600 என்று கல்லில் வெட்டி வைக்காதீர்கள். ஒவ்வொரு தரமும் ஒட்டினதும் 10 செக்கன் சும்மா இருக்கச் சொல்லி ஒரு அளவு, மூன்று தரம் இறுக்கச் சொல்லி ஒரு அளவு எடுங்கோ. ஓய்வு 6, இறுக்கம் 90 என்று வந்தால் இடைவெளி 84. ஓய்வுக்கு மேல் அதன் 35 வீதத்தில், அதாவது 6ஓடு 29 சேர்த்து 35ஐத் தாண்டினால் கிளிக். 20 வீதத்துக்கு, அதாவது 23க்குக் கீழே இறங்கினால்தான் அடுத்த கிளிக்குக்கு அனுமதி. ஒரே எல்லையை இரண்டுக்கும் வைத்தால் அந்த இடத்தில் நடுங்கி ஒன்று மூன்றாகும். எல்லைக்கு மேல் குறைந்தது 150 மில்லிசெக்கன் நின்றால்தான் எண்ணுங்கோ, வயர் இழுபடும் துள்ளல் அவ்வளவு நேரம் நில்லாது. கிளிக் விழுந்த பிறகு 400 மில்லிசெக்கன் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

இன்னொன்று. புரோ மைக்ரோவின் ஒரு முனைக்கும் கிறவுண்டுக்கும் இடையில் சின்னச் சுவிட்ச் ஒன்று போட்டு, அது மூடியிருந்தால் மட்டும் கீ அடிக்கச் செய்யுங்கோ. இல்லாவிட்டால் நிரல் பிழைத்த அன்றைக்கு அது ஓயாமல் ஸ்பேஸ் அடித்துக்கொண்டே இருக்கும், புது நிரல் ஏற்ற லப்டொப்பைத் தொடவே விடாது.

பம்ப் சத்தத்துக்கு: பம்பைக் கட்டிலின் கால்மாட்டுக்கு மாற்றுங்கோ, எலக்ட்ரோட் வயர் மூன்றையும் பின்னிக் கட்டையாக்குங்கோ, பம்பின் வயருக்குச் சமாந்தரமாகப் போக விடாதீர்கள். விரியலாக்கிப் பலகை (சமிக்ஞையைப் பெரிதாக்கும் சென்சர் பலகை) எலக்ட்ரோட்டில் இருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். அங்கிருந்து புரோ மைக்ரோ வரைக்கும் நீள வயர் போகலாம்.

நிலாவெளி ஓடி பதில்:

வயர்மேன் அண்ணா சொன்னது சரி, ஆனால் எந்தச் சென்சரைப் போட்டாலும் இடது தோளில் ஒட்டினால் உங்கள் "ஒரு செக்கனுக்கு ஒரு துள்ளல்" போகாது. அது இதயத் துடிப்பு. நாடியைப் பிடித்துக்கொண்டு திரையைப் பாருங்கோ, இரண்டும் ஒன்றாக அடிக்கும். வலது தோளுக்கு மாற்றினால் நன்றாகக் குறையும்.

ஆனால் இவருக்கு நான் தோளையே தெரிவு செய்ய மாட்டேன். சி4 ஆட்கள் தோளைத் தூக்குவார்கள், உண்மை. அந்தத் தசைக்கு நரம்பு மூளையடியில் இருந்தும் கழுத்தின் மேல் பகுதியில் இருந்தும் வருவதால் அது தப்பிவிடும். நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். விலாத் தசைகள் வேலை செய்யாது, உதரவிதானமும் பலவீனம் போல, அதனால் கழுத்து, தோள் தசைகளைக் கொண்டு மூச்சு இழுக்கிறார். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தத் தசை இறுகும். களைத்தால் இன்னும் கூடும். கிளிக் செய்வதற்கும் மூச்செடுப்பதற்கும் ஒரே தசையைக் கேட்பது அவருக்கு நியாயமில்லை.

நெற்றிக்குப் போங்கோ. ஒரு பக்கப் புருவத்துக்கு மேலே, புருவம் தூக்கும்போது சுருக்கம் விழும் இடத்தில், இரண்டு எலக்ட்ரோட். நடுவுக்கு நடு 20 மில்லிமீட்டர், தசை ஓடும் திசையில், அதாவது ஒன்றுக்கு மேல் ஒன்று. பெரியவர்களுக்கான ஒட்டி அங்கே கொள்ளாது, குழந்தைகளுக்கான சின்ன வட்டம் கேட்டு வாங்குங்கோ. மூன்றாவது, காதுக்குப் பின்னால் துருத்தி நிற்கும் எலும்பின் மேல். பல்லை இறுக்கிக் கடித்தால் தாடையில் இன்னும் பெரிய சமிக்ஞை வரும், ஆனால் சாப்பாடு, கதை, கொட்டாவி எல்லாம் கிளிக் ஆகும்.

மத்தியானம் வேலை செய்யாததற்குக் காரணம் வியர்வையாக இருக்கலாம். இப்படி உயரத்தில் முள்ளந்தண்டு அடிபட்டால் உடம்பு வியர்க்கும் விதமே குழம்பும், முகமும் கழுத்தும் வியர்ப்பவர்களும் உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம்ம ஊரில் சொல்ல வேண்டியதில்லை. வியர்வை இரண்டு எலக்ட்ரோட்டுக்கும் நடுவில் படலமாக நின்றால் அவற்றைக் குறுக்காக இணைத்துவிடும், வித்தியாசம் சுருங்கிப்போகும். ஒட்டும் முன் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நன்றாகத் துடைத்து, காய விடுங்கோ. விபூதி, சந்தனம், எண்ணெய் ஒன்றும் கீழே இருக்கக் கூடாது. அவர் பூசுபவர் என்றால் மற்றப் பக்கத்தில் பூசிவிடுங்கோ, அதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். இரண்டு ஒட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் அரை நாள் கூட ஓடும். பிரித்த பக்கெற்றை மடித்து, காற்றுப் போகாத பையில் வையுங்கோ, ஜெல் காய்ந்த ஒட்டி பம்ப் சத்தத்தை மட்டும்தான் பிடிக்கும். ஒவ்வொரு நாளும் இடத்தைக் கொஞ்சம் மாற்றுங்கோ. கழற்றி அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் சிவப்பு நின்றால் அந்தப் பக்கத்துக்கு ஓய்வு கொடுக்க வேணும்.

வயரையும் பெட்டியையும் அவருக்கு உணர்வில்லாத இடத்தில் கட்டாதீர்கள், அவருக்குக் கீழே எதுவும் மாட்டுப்படவும் கூடாது. ஒரு வயர் தடிப்புப் போதும் படுக்கைப் புண்ணுக்கு.

பழக்கும்போது ஒன்றைக் கவனியுங்கோ. திடீரென்று மண்டை இடிக்கிற தலைவலி, முகம் சிவந்து கொட்டுகிற வியர்வை என்றால் அது களைப்பில்லை. முள்ளந்தண்டின் நெஞ்சுப் பகுதியில் டி6 மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு இரத்த அழுத்தம் சடாரென்று ஏறும் ஆபத்து உண்டு. தலைமாட்டை உயர்த்தி இருத்துங்கோ, இறுக்கமானதைத் தளர்த்துங்கோ, சிறுநீர்க் கதீற்றர் குழாய் மடிந்திருக்கா என்று பாருங்கோ, மலச்சிக்கல், இறுகிய உடுப்பு எதுவும் காரணமாகலாம். உடனே குறையாவிட்டால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ.

முதல் கிழமை ஒரு தடவைக்கு 10 நிமிசம் போதும். தசை களைத்தால் அதே கிளிக்குக்கு முழு மூஞ்சியையும் சுளிப்பார், பிறகு அதுவே பழக்கமாகிவிடும்.

கிண்ணியா சேவையர் பதில்:

நான் குறுக்கால ஒரு கேள்வி கேட்கிறன், கோவிக்காதீங்க. புருவம் தூக்கத் தெரிந்தவருக்கு எலக்ட்ரோட் எதுக்கு? அன்ட்ரொயிட் 12 இல் இருந்து சுவிட்ச் அக்செஸ் (திரையைத் தொடாமல் சுவிட்சால் போனை இயக்கும் வசதி) உள்ளுக்கே கெமரா சுவிட்ச் இருக்கு. புருவம் தூக்குவது, வாய் திறப்பது, சிரிப்பது, இடம் வலம் மேலே பார்ப்பது, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை கொடுக்கலாம். ஒரு சதம் செலவில்லை. போனை ஒரு கம்பித் தாங்கியில் முகத்துக்கு நேரே வைத்தால் சரி.

இன்னொரு வழியும் இருக்கு. ஸ்டீபன் ஹோக்கிங் பாவித்ததைத் தசை மின்சாரம் என்று பல பேர் நினைக்கிறாங்க. அது கண்ணாடிச் சட்டத்தில் மாட்டின அகச்சிவப்புச் சென்சர், கன்னம் அசைவதைத்தான் பார்த்தது. இன்டெல் செய்து கொடுத்த அந்த மென்பொருள் ஏகட் என்ற பேரில் 2015 இல் இலவசமாக வெளியே விடப்பட்டது. நம்ம கடைகளில் ரோபோ கோடு தொடர்வதற்கு விற்கிற டிசிஆர்டி5000 சென்சர் இதே வேலையைச் செய்யும். கன்னத்துக்கு 2 முதல் 5 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கோணும், நேர் வெயில் பட்டால் குழம்பும். ஒட்டியும் இல்லை, வியர்வைத் தொல்லையும் இல்லை.

நிலாவெளி ஓடி பதில்:

சேவையர், கெமராவை இன்றைக்கே போட்டுப் பார்க்கட்டும், அது சரியான யோசனை. சுவிட்ச் என்றால் என்ன என்று அவருக்கும் வீட்டாருக்கும் செலவில்லாமல் பிடிபடும். ஆனால் அதோடு நிற்க முடியாது. இவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேணும். ஒவ்வொரு முறையும் யாராவது தாங்கியைத் திருப்பி முகத்துக்கு நேராக்க வேணும். இரவில் விளக்கு வேணும். கண்ணாடிச் சென்சரும் அப்படித்தான், பக்கவாட்டில் படுத்தால் தலையணை சட்டத்தைத் தள்ளிவிடும், 5 மில்லிமீட்டர் எங்கே போகும்? தசைச் சுவிட்ச் ஆளோடு சேர்ந்து திரும்பும், இருட்டிலும் வேலை செய்யும். புருவம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அசையாதவர்களுக்கும் அது பிடிக்கும். நோய் கூடிக்கொண்டு போகும் ஆட்களுக்கு அது பெரிய விசயம், இவருக்கு அவ்வளவு இல்லை.

கதிரையில் இருக்கும்போது கெமரா, கட்டிலில் தசை. இரண்டும் ஒரே சுவிட்ச் அக்செஸ்ஸுக்குள்தான் போகுது, ஒன்று படித்தால் போதும்.

சாம்பல்தீவுப் பொடியன்:

நன்றி அக்கா, அண்ணா, சேவையர். சார்ஜரைக் கழற்றிவிட்டேன். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், துள்ளல் அதோடுதான் போகுது. புரோ மைக்ரோவும் பில் பலகையும் எடுக்கிறேன். நெற்றியில் ஒட்டினால் கண் சிமிட்டுவதும் ஆச்சரியப்படுவதும் கிளிக் ஆகாதா? தமிழ் எழுதும் விசயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

உவர்மலை வயர்மேன்:

சிமிட்டல் மெதுவான அலை, 20 வாசிப்புக் கழித்தலில் பெரும்பகுதி போய்விடும், மிச்சம் 150 மில்லிசெக்கன் விதியில் விழும். கதைக்கும்போது புருவம் ஏறுவதுதான் கரைச்சல். எல்லை வைக்க முதல் 30 செக்கன் அவரோடு சும்மா கதையுங்கோ, சண்டை பிடிக்கிற விசயமாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் போன உச்சத்துக்கு மேலே கிளிக் எல்லை நிற்க வேணும். அப்படி வைத்தால் அவருக்குக் கடினம் என்றால், 700 மில்லிசெக்கனுக்குள் இரண்டு தரம் தூக்கினால்தான் ஒரு கிளிக் என்று வையுங்கோ. கொஞ்சம் மெதுவாகும்.

கொட்டியாரக் குடா பதில்:

தமிழ் பற்றி. அன்ட்ரொயிட்டில் அமைப்புகள், அணுகல்தன்மை, சுவிட்ச் அக்செஸ். பெட்டியில் இருந்து வரும் கீயை "தெரிவு" என்பதற்குக் கொடுத்து, தானாக நகரும் ஸ்கேனை இயக்குங்கோ, அதாவது திரையில் ஒரு சட்டம் தானே நகரும், வேண்டியதில் நிற்கும்போது கிளிக் செய்தால் அது தெரிவாகும். கட்டம் ஒவ்வொன்றாகப் போகிற முறையை விட்டு, முதலில் வரிசை, பிறகு அந்த வரிசைக்குள் கட்டம் என்ற முறைக்கு மாற்றுங்கோ. ஆரம்பத்தில் ஒரு படிக்கு 2 செக்கன், பழகப் பழக 1.2 வரை இறக்கலாம். புருவம் தூக்க நினைத்ததில் இருந்து கிளிக் விழும்வரை இவர் பெட்டியில் கால் செக்கன் போய்விடும் என்பதால் 0.8க்குக் கீழே அடிக்கடி தவறும்.

கணக்குப் பாருங்கோ. ஆறுக்கு ஆறு எழுத்துப் பலகையில் ஒரு எழுத்துக்குச் சராசரி 7 படி. 1.2 செக்கன் என்றால் 8.4 செக்கன். "தண்ணீர்" என்பது த, ண, புள்ளி, ண, ஈகாரக் குறி, ர, புள்ளி என்று 7 தெரிவு. ஒரு நிமிசம். ஆங்கிலத்துக்குச் செய்த பலகையைத் தமிழுக்குத் தூக்கி வைத்தால் நமக்குத்தான் நட்டம், புள்ளியும் விசிறியும் எல்லாம் தனித்தனித் தெரிவு. பலகையை நீங்களே அமைக்கக் கூடிய செயலி என்றால் புள்ளியை இடது மேல் மூலையில் வையுங்கோ, அது 2 படி, 2.4 செக்கன். தமிழில் அதைவிட அதிகம் வருவது ஒன்றும் இல்லை. அதைச் சுற்றி உகரக் குறி, இகரக் குறி, க, த. அகர வரிசையில் அடுக்கினால் பார்க்க அழகு, பாவிக்கக் கஷ்டம். ங, ஞ இரண்டும் கடைசி மூலைக்குப் போகட்டும்.

ஆனால் உங்கள் ஆளுக்கு இது இரண்டாம் பட்சம். அவர் பேசுகிறார். கூகிள் கீபோர்டின் குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழ் 2017 இல் இருந்து இருக்கு. சுவிட்சால் மைக் பொத்தானை அமத்தி, நாலு சொல் சொல்லி, மூச்செடுத்து, மறுபடி அமத்தலாம். பிழையைத் திருத்த, அனுப்ப, அடுத்த ஆளுக்கு அழைக்க மட்டும் சுவிட்ச். மைக் வாய்க்கு ஒரு சாணுக்குள், காற்றாடி முகத்துக்கு நேரே வீசாமல். காற்றாடி மைக்கில் அடித்தால் தமிழ் மட்டுமல்ல, ஒரு பாசையும் விளங்காது.

குரல் களைத்த நேரத்துக்குச் சொற்றொடர்ப் பலகை ஒன்று. திருப்பி விடுங்கோ, சளி எடுக்க வேணும், தண்ணி, மூச்சு முட்டுது, காற்றாடியைக் கூட்டு, குறை. "மூச்சு முட்டுது" எப்பவும் முதல் கட்டத்தில். பட்டியலை அவரிடமே கேளுங்கோ. வீட்டார் எழுதினால் எல்லாம் சாப்பாடும் மருந்துமாக இருக்கும், "கதவைச் சாத்து", "என்னைக் கொஞ்சம் தனிய விடு" இருக்காது.

உவர்மலை வயர்மேன்:

ஆள் கூப்பிடும் மணியைப் போனில் வைக்க வேண்டாம். போன் உறைந்தால், பற்றரி இறங்கினால் உரத்துக் கூப்பிட அவருக்குக் குரலும் இல்லை. புரோ மைக்ரோவின் இன்னொரு முனையில் 5 வோல்ற்று பஸர் ஒன்றை ஒரு சின்ன திரான்சிஸ்டரோடு போடுங்கோ. 3 செக்கன் தொடர்ந்து புருவத்தைத் தூக்கிப் பிடித்தால் பஸர் அடிக்கட்டும், போன் உறைந்திருந்தாலும். போன் பற்றரியில் ஓடும் பெட்டி அது இறங்கினால் தானும் நிற்கும், அதற்குத் தனிப் பற்றரி வேணும்.

இரவில் போனைக் கழற்றிவிட்டு இதைப் பவர்பாங்கில் ஓட்ட நினைப்பீர்கள். முழுப் பெட்டியும் சில பத்து மில்லிஅம்பியர்தான் இழுக்கும், பெரும்பாலான பவர்பாங்குகள் ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துக் கொஞ்ச நேரத்தில் தானே நின்றுவிடும். யாருக்கும் தெரியாது. குறைந்த மின்னோட்ட நிலை உள்ளது வாங்குங்கோ, அல்லது 18650 லிதியம் கலம் ஒன்றும், சார்ஜ் செய்யும் டிபி4056 பலகையும், 5 வோல்ற்றுக்கு ஏற்றும் பலகையும். சார்ஜ் போடும் நேரம் எலக்ட்ரோட் உடம்பில் இருக்கக் கூடாது என்ற விதி இதற்கும்தான், அதனால் கலம் இரண்டு வைத்து மாற்றுங்கோ. பெட்டி உயிரோடு இருக்கு என்று காட்ட 5 செக்கனுக்கு ஒருதரம் சிமிட்டும் பச்சை எல்ஈடி ஒன்று, படுத்திருக்கும் அவர் பார்க்கக் கூடிய இடத்தில்.